குட்டை பேரலுக்கு மூன்று மூக்குகள்

ஜூன் 9

இந்த டைரி போன வருடத்தது. மோட்டார் சுற்றும் செம்புக் கம்பி விற்கிற கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. கிழமைகள் எல்லாம் தப்பாக இருக்கும், தேதியை மட்டும் நம்பவும். யார் நம்பப் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

எழுதச் சொன்னது எஸ்தர் மேடம். என் மகள் நித்திலாவுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுத் தருகிறவர். நான் சென்னியப்பன். கோயமுத்தூர் கணபதியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். அந்த வகையில் அந்தப் பாடங்கள் மற்றவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கப்புறம் ஐ.டி.ஐ. அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் ஜாப் கார்டுதான்.

விஷயம் இதுதான். ஜூலை 20 சென்னையில் மாநிலப் போட்டி. காற்றுத் துப்பாக்கி, பத்து மீட்டர் தூரம், அறுபது குண்டு. ஒரு குண்டுக்கு உச்சம் 10.9 புள்ளி. மொத்தம் 610 எடுத்தால் அடுத்த கட்டத்துக்குப் பெயர் போகும். அப்படியென்றால் ஒவ்வொரு பத்து குண்டுக்கும் 101.7 வரவேண்டும். நித்திலா இப்போது 98, 99 என்று நிற்கிறாள். வயது பதினாறு. இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் துப்பாக்கியைத் தொட விடமாட்டார்கள்.

அவள் சுடுவது கிளப் துப்பாக்கி. அவள் உயரத்துக்கு ஏற்ற குட்டை பேரல். குட்டை என்பதால் முன்பக்கம் எடை இல்லை, நுனி ஆடுகிறது என்று மேடம் சொல்கிறார். பேரல் நுனியில் எதையாவது மாட்டிப் பார்க்க வேண்டுமாம். அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னார். நான் மூக்கு என்று வைத்துக்கொண்டேன்.

மொத்தம் மூன்று மூக்கு. ஒன்று, துப்பாக்கியோடு வந்த சின்ன வளையம். இரண்டு, ஒரு சீனியர் அக்கா விட்டுப்போன நீளக் குழாய். மூன்று, நான் லேத்தில் கடைந்து தரப்போவது. மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு, தேதி, மூக்கு, எண்ணிக்கை, வேறு ஏதாவது கவனித்தால் அது, எல்லாம் எழுதவேண்டும்.

“எல்லாத்தையும் எழுதுங்க சார். இது முக்கியம், இது முக்கியமில்லைன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க” என்றார். அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். இன்று இரவு உப்புமா.

ஜூன் 10

மூக்கு: வளையம். 98.2, 97.9.

ரேஞ்ச் என்பது மூடிப்போன ஒரு மில்லின் பஞ்சு குடோன். மாடியில் எட்டுப் பேர் வரிசையாக நின்று சுடலாம். சுடுகிறவர்களுக்குப் பின்னால் பெற்றோருக்கு ஒரு பெஞ்சு. நித்திலாவுக்கு நேர் பின்னால் என் இடம். ஒரு நாளும் விட்டதில்லை. வேகவைத்த கடலை கொண்டுபோவேன், ஆனால் அவள் சுடும்போது மெல்ல மாட்டேன். செருப்பைக்கூட வெளியில் விட்டுவிடுவேன். அவள் விசையில் விரல் வைத்ததும் நானும் அவளோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்வேன். துப்பாக்கியையா நான் பிடிக்க முடியும்? இந்த உதவியாவது செய்ய வேண்டாமா.

இடையில் திரும்பி, “அப்பா, கீழ போயி டீ குடிச்சிட்டு வாங்களேன்” என்றாள். என்மேல் அத்தனை அக்கறை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 12

மூக்கு: நீளக் குழாய். 102.1, 101.6.

அடேயப்பா!

நான் போகவில்லை, நித்திலா வந்து சொன்ன எண் இது. கிளம்பும் நேரத்தில் கலாமணி மிக்ஸி ஓடவில்லை என்று கையில் கொடுத்துவிட்டாள். கலாமணி என் மனைவி, பேக்கரியில் கல்லாவில் நிற்கிறாள். ரிப்பேர் கடைக்காரன் மிக்ஸியைச் சுழல விட்டு, “இதுல ஒரு கோளாறும் இல்லீங்களே” என்றான். என் கைராசி. நான் தூக்கிக்கொண்டு நடந்ததிலேயே சரியாகிவிட்டது.

குழாய்தான் சரி. எண்சாண் உடம்புக்கு மூக்கு நீளமாக இருந்தால் களை என்பதுபோல.

ஜூன் 14

என் மூக்கைக் காட்டினேன். மூன்று நாள், சாப்பாட்டு இடைவேளையில் கடைந்தது. அலுமினியம். முன்னால் காற்று பிரிந்து போகட்டும் என்று பக்கத்துக்கு நான்காகச் சாய்வாகத் துளை போட்டிருந்தேன். பட்டறையில் நாதஸ்வரம் மாதிரி வைத்துப் பார்த்தார்கள். முதலாளி ஒரு தடவை ஊதியும் பார்த்தார்.

எஸ்தர் மேடம் கையில் வாங்கினார். திருப்பினார். 

“ரொம்ப அழகா இருக்கு சார். இதைக் கொண்டுபோனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க.”

“ஏனுங்க மேடம்?”

“ரைபிள் நுனியில துளை இருக்கக் கூடாது. ரூல்.”

“அடைச்சுப்போடலாமுங்களா?”

மேடம் என்னைப் பார்த்த பார்வையில் வேறு ஒன்று கடைவது என்று முடிவு செய்தேன்.

துளைபோட்டது இப்போது வீட்டில் ஊதுவத்தி ஸ்டாண்டு. எட்டு ஊதுவத்தி ஒரே நேரத்தில் வைக்கலாம்.

ஜூன் 17

மூக்கு: மூன்றாவது, துளை இல்லாதது. 97.5, 98.1.

என் மூக்கு அறுந்தது. பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு குண்டாகப் பார்த்தேன். 9.6, 9.4, 9.9. ஒன்பதுகளாக விழுந்தது. எடை அதிகமோ? நாளை ஐம்பது கிராம் குறைக்க வேண்டும்.

ஜூன் 19

மூக்கு: மூன்றாவது, ஐம்பது கிராம் குறைத்தது. 102.8, 102.5!

ஐம்பது கிராமில் நான்கு புள்ளி. எந்த இன்ஜினியர் செய்வான் இதை? பட்டறையில் எல்லாருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தேன்.

நேரில் பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை. பம்ப்செட் ஷாஃப்ட் அவசரம் என்று முதலாளி நிறுத்திவிட்டார்.

வீட்டில் சொன்னபோது அம்மாவும் மகளும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பெருமையாக இருக்கும்.

ஜூன் 22

ஞாயிறு. லீவு. காலையிலிருந்து ரேஞ்சில்.

மூன்றாவது மூக்கு: 98.4. நீளக் குழாய்: 98.0. வளையம்: 97.7.

வியாழன் இன்ஜினியர் ஞாயிற்றுக்கிழமை மறுபடி பத்தாவது பெயிலானான்.

கடலை தீர்ந்துபோனதுகூடத் தெரியாமல் தொலியைத் தின்றிருக்கிறேன்.

ஜூன் 24

இன்றைக்கு ஒரு பெரிய சோதனை. மேடத்திடம் சொல்லி, பட்டறையிலிருந்து ஒரு வைஸ் எடுத்துப் போனேன். இரும்புத் தாடைக்கு ரப்பர் ஒட்டி, மேசையில் முடுக்கி, அதில் துப்பாக்கியைக் கடித்துக்கொள்ள வைத்தோம். ஆள் கை படாமல் விசையை மட்டும் மேடம் அழுத்தினார். ஒவ்வொரு மூக்குக்கும் பத்து குண்டு.

மூன்று குறி அட்டையிலும் ஒரே ஒரு ஓட்டை. பத்து குண்டும் அதே ஓட்டையில் போயிருக்கிறது. மூன்று அட்டையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மறுபக்கம் தெரிந்தது.

“துப்பாக்கிக்கு எந்த மூக்கும் ஒண்ணுதான் சார்” என்றார் மேடம். “மாறுறது துப்பாக்கி இல்லை. சுடுற ஆள்.”

“என்ற புள்ள ஒரு நாள் ஒரு மாதிரி, ஒரு நாள் ஒரு மாதிரி சுடறவ இல்லைங்களே.”

“அப்ப அந்த நாள்ல வேற என்னவோ மாறுது. டைரி எழுதுறீங்கள்ல? பாருங்க.”

இதைச் சொல்லும்போது மேடம் என்னைப் பார்க்கவில்லை. வைஸைப் பார்த்துச் சொன்னார்.

ஜூன் 25

பார்த்தேன். சாப்பாடு? உப்புமாவால் குறைந்தது என்று சொல்ல முடியாது, மறுநாள்தான் சுட்டாள். சாரல் மழை? இரண்டு விதமான நாளிலும் தூறியது. தூக்கம்? கேட்டால், “நல்லாத் தூங்கினேனுங்ப்பா” என்கிறாள்.

ஒன்றும் பிடிபடவில்லை.

ஜூன் 26

பிடிபட்டது. எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எல்லாவற்றையும் எழுதச் சொல்லியிருக்கிறார்.

98 வந்த நாட்கள்: 10, 17, 22. மூன்று நாளும் நான் பெஞ்சில் இருந்தேன்.
102 வந்த நாட்கள்: 12, 19. ஒரு நாள் மிக்ஸி. ஒரு நாள் ஷாஃப்ட்.

தற்செயலாக இருக்கலாம். ஐந்து நாள் கணக்கை வைத்து ஒரு ஜாபை யாரும் ரிஜெக்ட் செய்ய மாட்டார்கள்.

ஜூன் 27

கலாமணியிடம் பேச்சோடு பேச்சாக, “அந்த மிக்ஸிக்கு என்னதான் ஆச்சு அன்னைக்கு?” என்று கேட்டேன்.

“எந்த மிக்ஸிங்க?” என்றாள்.

ஜூன் 29

சோதனை செய்யாமல் ஒத்துக்கொள்வதில்லை என்று முடிவு. நான் அங்கே இருக்க வேண்டும், நான் இருப்பது அவளுக்குத் தெரியக் கூடாது. ஷாஃப்ட் அவசரம், ஞாயிறும் பட்டறை என்று சொல்லிவிட்டு நித்திலாவுக்கு முன்பே ரேஞ்சுக்குப் போனேன். பெஞ்சுக்குப் பின்னால், பழைய அட்டைகள் அடுக்கிய இரும்பு பீரோ ஒன்று இருக்கிறது. அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம். ஒல்லியான ஆள். நான் நின்றேன்.

“சார், இது ரேஞ்ச். கண்ணாமூச்சி ஆடுற இடமில்லை” என்றார் மேடம்.

“பத்தே பத்து குண்டு மேடம். சோதனைங்க.”

மேடம் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் புள்ளி தெரிகிற திரையை நான் பார்க்கிற பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தார். நல்ல மனுஷி.

நித்திலா வந்தாள். ஜாக்கெட் மாட்டினாள். மூன்றாவது மூக்கு. 10.4. 10.3. 10.5. 10.2. 10.6. இப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததே இல்லை. அவள் நிற்பதே வேறு மாதிரி இருந்தது. அவசரமே இல்லை. பஸ் ஸ்டாப்பில் யாருக்காகவும் காத்திருக்காமல் நிற்கிற பெண் மாதிரி நின்றாள். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது பீரோவுக்குப் பின்னால் சேவல் கூவியது.

என் போன். கலாமணிதான் கூப்பிடுகிறாள். காலையில் எழுந்திருக்க வைத்த சேவல் சத்தம், மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தது. பேன்ட் பையிலிருந்து எடுக்கக் கையை மடக்க இடம் இல்லை. முழுசாக ஏழு தடவை கூவியது. வரிசையில் சுட்டுக்கொண்டிருந்த எல்லாப் பிள்ளைகளும் துப்பாக்கியை இறக்கிவிட்டார்கள்.

நித்திலா திரும்பவே இல்லை.

“அப்பா,” என்றாள், “காலு வலிக்கும், வெளிய வாங்க.”

பிள்ளைகள் சிரித்து முடிய ஐந்து நிமிஷம் ஆனது. வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். மீதி ஐந்து குண்டு: 9.6, 9.8, 9.4, 9.7, 9.9.

முதல் ஐந்து 52. அடுத்த ஐந்து 48.4. துப்பாக்கி அதே, மூக்கு அதே, சாப்பாடு அதே. இதற்குமேல் சோதனை வேண்டாம்.

வண்டியை எடுக்கப் போகும்போது கேட்டேன்.

“எத்தன நாளா அம்மணி?”

“எதுங்ப்பா?”

“நான் இருந்தா கொறையறது.”

ஹெல்மெட் வாரைச் சரிசெய்தாள். ரொம்ப நேரம் சரிசெய்தாள். 

“மொதல் நாள்ல இருந்தேதானுங்ப்பா.”

“நான் சத்தமே போடறதில்லையே சாமி. கல்லாட்டம் உக்காந்திருக்கறேன்.”

“அதாங்ப்பா. நான் வெரல் வெச்சதும் நீங்க மூச்சப் புடிச்சுக்கறீங்க. எனக்கு எட்டு செகண்ட் வேணும். அஞ்சாவது செகண்ட்லயே அப்பாவுக்கு மூச்சு முட்டுமேன்னு தோணிருது. சட்டுனு சுட்டுப்போடறேன்.”

“மூச்சுப் புடிக்கறது உனக்கெப்படித் தெரியும்? நீ அந்தப் பக்கம் பாத்தல்ல நிக்கற.”

“விடறப்ப கேக்குதுங்ப்பா. பஸ்ஸுக்கு ஏர் பிரேக் போட்ட மாதிரி.”

“சொல்லியிருக்கலாமல்ல கண்ணு?”

“நீங்க வர்றது எனக்குப் புடிச்சிருக்குது. அப்பறம் எப்பிடிச் சொல்றது?”

வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்கைத் தட்டிப் பார்த்தேன். இருந்தது.

ஜூன் 30

பட்டறை. ஷாஃப்ட் நாற்பது.

ஜூலை 2

இன்றும் போகவில்லை. கலாமணி கேட்டாள், “போகலீங்களா?” என்று. “மிக்ஸி ரிப்பேராகியிருக்குதான்னு பாத்துட்டிருக்கறேன்” என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்காமலே காபி வந்தது.

101.9, 102.2.

ஜூலை 5

ரேஞ்சுக்குக் கீழே டீக்கடைவரை போவது என்று எனக்கு நானே அனுமதி கொடுத்தேன். மாடியில் டப் டப் என்று சத்தம் கேட்கும். எது என் பிள்ளையுடையது என்று தெரியாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். டீக்காரர், “கழுத்து வலிங்களா?” என்று கேட்டார்.

ஜூலை 8

102.4.

ஜூலை 11

எஸ்தர் மேடம் மூன்று மூக்கையும் முதலிலிருந்து ஒப்பிட்டுப் பார்த்தார். நான் இல்லாமல். சுத்தமான சோதனை.

வளையம் 101.2. நீளக் குழாய் 101.8. மூன்றாவது 102.3.

ஆக வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. வைஸுக்கு எல்லாம் ஒன்று, ஆனால் கையில் பிடிக்கிறவளுக்கு முன்பக்கம் கொஞ்சம் எடை இருந்தால் நிதானம் வருகிறது. மூக்கை மாற்றினால் ஒரு புள்ளி ஏறுகிறது, இறங்குகிறது. அப்பனை மாட்டினால் நான்கு புள்ளி இறங்குகிறது. நான்காவது மூக்கு நான்தான். எடை எழுபத்திரண்டு கிலோ. கழற்றி வைத்தாயிற்று.

போட்டிக்கு மூன்றாவதையே மாட்டுவதாக நித்திலா சொல்லிவிட்டாள். 

“எட சரியா இருக்குதா அம்மணி?”

“இருக்குதுங்ப்பா. பளபளன்னும் இருக்குது. பக்கத்து லேன் புள்ளைக எல்லாம் எங்க வாங்கினேன்னு கேக்கறாளுக.”

பட்டறையில் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கு மட்டும் சொன்னேன். இருப்பதே மூன்று பேர்.

ஜூலை 19

சென்னை. ரயிலில் நித்திலா மேல் பெர்த்தில் நன்றாகத் தூங்கினாள். துப்பாக்கிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நான் கீழ் பெர்த்தில். டிக்கெட் பார்க்க வந்தவர் பெட்டியைக் காட்டி, “வயலினா?” என்றார். எஸ்தர் மேடம் பேப்பர்களை எடுத்துக் காட்டியதும், “அப்ப பாட்டுக் கேக்க முடியாது” என்று போய்விட்டார்.

ஜூலை 20

இன்று எழுத நிறைய இருக்கிறது, வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் துப்பாக்கிப் பரிசோதனை. ஒருவர் ஸ்கேல் வைத்து நீளம் அளந்தார். டார்ச் அடித்து என் மூக்குக்குள் பார்த்தார். விரலால் தடவினார்.

“எந்த கம்பெனி?”

“கணபதிங்க.”

“இம்போர்ட்டா?”

“கோயமுத்தூருங்க.”

ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். பாஸ். என் வாழ்க்கையில் முதல் தடவையிலேயே பாஸான பரீட்சை இதுதான்.

சுடுகிற ஹாலில் பெற்றோருக்கு வரிசையாக நாற்காலி. நல்ல நாற்காலி, மெத்தை வைத்தது. வாசலில் நித்திலா நின்றாள். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது.

“அப்பா, நீங்க வேணும்னா உள்ள உக்காருங்க. இவ்வளவு தூரம் வந்துட்டு...”

“எனக்கு டீ குடிக்கணும் அம்மணி.”

“நெசமாத்தானுங்களா?”

“ரயில் டீ நல்லாவே இல்ல. நீ போ.”

போனாள். கதவு சாத்தியதும் எனக்குக் கால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. டீயும் வேண்டியிருக்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். திருநெல்வேலிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

“ஒங்களையும் வெளிய போகச் சொல்லிட்டாங்களா?”

“இல்லைங்க. நானாத்தான் வந்தேன்.”

“நாங்களும் அப்படித்தான் சொல்லுதோம்” என்றார்.

எல்லாருமே துரத்தப்பட்ட கூட்டம். அவர் மகனுக்கு அவர் சட்டைப் பேனாவை டிக் டிக் என்று அழுத்துவது ஆகாது. வேலூரிலிருந்து வந்த ஒரு அம்மா உதட்டை அசைத்துக் கந்த சஷ்டி சொல்வாராம், அந்த அசைவு மகளின் கண் ஓரத்தில் தெரிகிறதாம். நான் மூச்சு என்றேன். “மூச்சா?” என்று எல்லாரும் ஒரு நிமிஷம் யோசித்தார்கள். இந்த மரத்தடியில் இதுவரை வந்ததிலேயே இதுதான் பெரியது என்று திருநெல்வேலிக்காரர் தீர்ப்புச் சொன்னார். 

ஒன்றேகால் மணி நேரம். அந்த அம்மா சஷ்டியைச் சத்தமாகவே சொன்னார், நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

எஸ்தர் மேடம்தான் முதலில் வெளியே வந்தார். கையில் ஒரு துண்டுக் காகிதம். 101.9, 102.3, 100.8, 102.6, 101.4, 102.9.

நான் கூட்டிப் பார்த்தேன். மறுபடி கூட்டினேன். எனக்கு மட்டும் வேறு வேறு விடை வந்தது. திருநெல்வேலிக்காரர் காகிதத்தை வாங்கிப் பேனாவை டிக் என்று அழுத்திக் கூட்டினார்.

“அறுநூத்திப் பதினொண்ணு பாயின்ட் ஒம்போது. தாண்டிட்டா வே, ஒங்க பிள்ள!”

அவரைக் கட்டிக்கொண்டேன். பெயர்கூடக் கேட்கவில்லை இன்னும்.

“சார், இன்னொண்ணு” என்றார் மேடம். “எட்டாவது இடத்துல பைனலுக்கும் வந்துட்டா. இன்னும் கால் மணி நேரத்துல.”

“நான் இங்கயே இருக்கறேனுங்க மேடம்.”

“இல்லை. பைனல் வேற மாதிரி. பாட்டுப் போடுவாங்க, கைதட்டுவாங்க, கத்துவாங்க. எல்லாச் சத்தமும் உண்டு. அவதான் உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னா.”

மேடத்துக்குப் பின்னாலேயே நித்திலா நின்றிருந்தாள். ஜாக்கெட் பொத்தான் திறந்து, நெற்றியெல்லாம் வேர்வை.

“உள்ள வாங்ப்பா. ஆனா கல்லாட்டம் உக்காரக் கூடாது. கத்தோணும்.”

“என்னன்னு கத்தறது அம்மணி?”

“என்ன வேணாலும்.”

மெத்தை நாற்காலியில் உட்காரவே இல்லை. ஸ்பீக்கரில் மேளம் அதிர்ந்தது. மற்ற அப்பாக்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி, கமான் என்று கத்தினார்கள். எனக்குக் கத்திப் பழக்கம் பட்டறையில் மட்டும்தான். முதல் குண்டுக்கு வாய் திறந்தபோது வந்தது, “மெசினை ஆன் பண்ணு!”

ஹாலில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். நித்திலாவின் தோள் இரண்டு தடவை குலுங்கியது. துப்பாக்கியை இறக்கினாள், சிரித்து முடித்தாள், மறுபடி ஏற்றினாள். 10.7.

அதற்கப்புறம் நிறுத்தவில்லை. “அளவு சரியா இருக்குது, விடாதே!” “பினிஷிங் கட்டு, மெதுவா!” “அடுத்த ஜாப் எடு!” வேலூர் அம்மா என் பக்கத்தில் நின்று, அர்த்தம் தெரியாமலே, “பினிஷிங் கட்டு!” என்று கூவினார். பைனலில் புள்ளி குறைந்தவர் ஒவ்வொருவராக வெளியேற வேண்டும். எட்டாவதாக ஒருவர் வெளியேறினார். ஏழாவதாக இன்னொருவர் வெளியேறினார். ஆறாவதாக நித்திலா வெளியேறினாள். துப்பாக்கியை வைத்துவிட்டுத் திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடினாள். தேட வேண்டியிருக்கவில்லை, சத்தம் வந்த பக்கம் நேராகப் பார்த்தாள்.

ஜூலை 22

பட்டறை. தொண்டை சுத்தமாகப் போய்விட்டது. காற்றுதான் வருகிறது.

“எத்தனாவதுடா வந்துச்சு புள்ள?” என்றார் முதலாளி. இடது கையில் ஐந்து விரலும் வலது கையில் ஒரு விரலும் காட்டினேன்.

“ஆறாவதுக்கே இப்படியா? மொதல்ல வந்திருந்தா உன்ன ஆஸ்பத்திரியில அல்ல பாக்கோணும்?”

தலையாட்டினேன். அடுத்த கட்டப் போட்டி செப்டம்பரில், நான்கு நாள் லீவு வேண்டும் என்பதை ஜாப் கார்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். 

“காரணம்னு போட்டு ‘கத்துவதற்கு’ன்னு எழுதியிருக்கறே” என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.